கழற்றும் முன் அளந்துகொள்ளுங்கள்: பழைய பைக்கும் வீட்டு லேத்தும்

பழைய மோட்டார்சைக்கிளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். திரும்பப் பூட்டுவதற்குள்தான் பலருக்கு ஆசை வடிந்துவிடுகிறது. "முக்கால்வாசி வேலை முடிஞ்சது, எல்லா சாமானும் பெட்டியில இருக்கு" என்று விலைக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த ரகம். எந்தப் பக்கம் எத்தனை வாஷர் இருந்தது, சக்கரத்தின் ரிம் ஹப்பிலிருந்து எவ்வளவு விலகி நின்றது, கியர் ஷாஃப்டின் எந்த முனையில் ஷிம் (இடைவெளியை ஈடுகட்டும் மெல்லிய தகடு) இருந்தது என்பதெல்லாம் கழற்றிய அன்றே தொலைந்துபோயிருக்கும். பாகம் அத்தனையும் இருக்கும், தகவல்தான் இருக்காது.

ஆகவே ஸ்பேனரைத் தொடும் முன் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஒவ்வொரு மூட்டையும் கையால் ஆட்டிப் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் பக்கவாட்டில் ஆடுகிறதா, ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நேர்க்கோட்டில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நிற்கிறதா (ஸ்டியரிங் பேரிங் தடம் பதிந்துவிட்டது என்று அர்த்தம்), ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு கிராங்க்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) முன்னும் பின்னும் அசைத்தால் பிஸ்டன் நகர்வதற்கு முன் வெறும் அசைவு எவ்வளவு இருக்கிறது என்று எழுதி வையுங்கள். சிலிண்டரைத் தூக்கிய பிறகு கனெக்டிங் ராடைப் பிடித்துப் பாருங்கள். ராடின் கிராங்க் பக்கத்து முனையான பிக் எண்டில் மேல்-கீழ் ஆட்டம் கைக்குத் தெரியவே கூடாது. பக்கவாட்டு ஆட்டம் இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல கிராங்க்கைப் பிரித்தவர்களும் உண்டு, கெட்டதை விட்டுவைத்தவர்களும் உண்டு.

டயல் கேஜும் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) காந்த ஸ்டாண்டும் இந்தக் கட்டத்திலேயே தேவைப்படும். கிராங்க்கேஸைப் (கிராங்க் இருக்கும் உறை) பிளப்பதற்கு முன் கிராங்க்கின் முனை நகர்வை, அதாவது நீளவாக்கில் எவ்வளவு அசைகிறது என்பதை, அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புது பேரிங் போட்ட பிறகு எத்தனை ஷிம் வேண்டும் என்பதை இந்த எண்தான் சொல்லும். இன்னொன்று: அழுக்கை உடனே கழுவிவிடாதீர்கள். எண்ணெய்க் கசிவு எங்கே தொடங்குகிறது என்பதை அந்தக் கருப்புத் தடம்தான் காட்டும். பிஸ்டனின் ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயும் பளபளவென்று தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் துடைத்துவிட்டுப் புது பிஸ்டன் போட்டால் அதுவும் அப்படியேதான் தேயும்.

மரை என்னும் தலைவலி

நல்ல போல்ட் கெட்டுப்போவதும் நல்ல அலுமினிய கேஸ் பாழாவதும் பெரும்பாலும் மரையை அடையாளம் தெரியாமல் கைவைப்பதால்தான். 1960களின் இறுதிக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டியில் ஒரே இன்ஜினில் மூன்று குடும்பங்கள் கலந்திருக்கும். அலுமினியத்துக்குள் இறங்கும் இடத்தில் பெரும்பாலும் கரடுமுரடான விட்வொர்த் மரை, வேறு சில இடங்களில் அதன் நுண்மரையான பிஎஸ்எஃப், மற்ற பல இடங்களில் சைக்கிள் மரை. விட்வொர்த் 1841-ல் வகுத்த மரையின் கோணம் 55 டிகிரி. பிஎஸ்எஃபும் அதே கோணம்தான். சைக்கிள் மரைக்கு 60 டிகிரி. வண்டியில் காணும் வழக்கமான அளவுகளில் அது 26 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 26 மரை.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், 1/4 அங்குல பிஎஸ்எஃபும் 26 டிபிஐதான். நட் தாராளமாக ஏறும், ஆனால் கோணம் வேறு என்பதால் மரையின் முழுப் பக்கமும் பிடிக்காது. மட்கார்டுக்கு அது போதும், சிலிண்டர் ஸ்டட்டுக்கு (தலையில்லாத போல்ட்) போதாது. இதைவிட மோசம் எம்6, அதாவது 6 மி.மீ. மெட்ரிக் மரை. 26 டிபிஐ என்றால் மரை இடைவெளி 0.977 மி.மீ., எம்6-க்கு 1.0 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 1/4 அங்குலம் என்பது 6.35 மி.மீ. என்பதால் எம்6 போல்ட் அந்தத் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போகும், இறுக்கும்போது மரை நுனியை மட்டும் சீவிக்கொண்டு வரும். ஒருமுறை இப்படி ஆனால் அந்தத் துளைக்குப் புது மரை தரும் இன்சர்ட் போடுவதைத் தவிர வழியில்லை.

மரை கேஜின் (மரை இடைவெளியை ஒப்பிட்டுப் பார்க்கும் தகடுக் கொத்து) இலையை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கீற்றுகூட வெளிச்சம் தெரியக் கூடாது. குறைந்தது பத்து மரை நீளம் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள், நாலு மரையில் எல்லாமே ஒத்துப்போகும்.

பழைய ஜப்பானிய வண்டியில் வேறொரு பொறி. 1960களின் இறுதி வரை அங்கே சிறிய மெட்ரிக் ஸ்க்ரூக்களின் இடைவெளியே வேறு: எம்5-க்கு இன்றைய 0.8 அல்ல, 0.9, எம்4-க்கு 0.7 அல்ல, 0.75. இன்றைய ஸ்க்ரூ இரண்டு சுற்று ஏறி இறுகும், அதற்கு மேல் பலம் கொடுத்தால் கதை முடிந்தது. அந்த வண்டிகளின் கேஸ் ஸ்க்ரூத் தலையில் இருக்கும் கூட்டல் குறி பிலிப்ஸ் அல்ல, ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தரவகை. பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவர் அதில் முழு ஆழத்துக்கு இறங்காமல் மேலெழும்பி வந்து தலையைச் சிதைக்கும். பல ஜேஐஎஸ் ஸ்க்ரூவின் தலையில் சிறு புள்ளி ஒன்று இருக்கும். அதற்குரிய பிட்டை இம்பாக்ட் டிரைவரில் மாட்டி, சுத்தியலால் ஒரே உறுதியான அடி. தயங்கித் தயங்கி பத்து அடி அடித்தால் வேலைக்காகாது.

ஸ்பேனரும் அப்படித்தான். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் போல்ட்டின் விட்டம், நட்டின் அகலம் அல்ல. 1/4 விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. 13 ஸ்பேனர் ஏறாது. 14 ஏறும், நட்டின் மூலைகளை உருட்டிவிடும். இந்த ரக வண்டியைத் தொடுகிறவர் லேத் (கடைசல் இயந்திரம்) வாங்கும் முன் ஒரு செட் விட்வொர்த் ரிங் ஸ்பேனர் வாங்கட்டும்.

வர மறுப்பவை

துருப்பிடித்த போல்ட்டில் முதல் ஆயுதம் அதிர்ச்சி. போல்ட் தலையின் மேல் பித்தளைத் தண்டை வைத்துச் சில அடிகள் கொடுத்தால் துருவின் பிடி விரிசல்விடும். பிறகு ஊடுருவும் எண்ணெய், பிறகு சூடு, ஆறவிட்டு மறுபடி எண்ணெய். அலுமினியத்தில் இறங்கியிருக்கும் எஃகு போல்ட் என்றால் சூட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்துக்குக் கொடுங்கள். அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் துளை போல்ட்டைவிட வேகமாகப் பெரிதாகும். கழலும்போது கால் சுற்று திறந்து, எட்டில் ஒரு சுற்று மூடி, மீண்டும் திறக்க வேண்டும். போல்ட் ஸ்பிரிங்போல் முறுக்கிக்கொடுக்கிறது என்று கைக்குத் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். உடைவதற்கு முந்தைய கணம் அது.

உடைந்தேவிட்டால், வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே நிரப்பி வெல்டிங் செய்வதுதான் என் முதல் தேர்வு. பிடிமானம் கிடைப்பதோடு, அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்க்ரூ எக்ஸ்ட்ராக்டரை (உடைந்த துண்டில் துளையிட்டு உள்ளே கவ்வித் திருகி எடுக்கும் கருவி) 8 மி.மீ.க்குக் குறைவான ஸ்டட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் அதைத் தொடக்கூட முடியாது. டேப்போ (துளைக்குள் மரை வெட்டும் கருவி) எக்ஸ்ட்ராக்டரோ அலுமினியத்துக்குள் உடைந்து நிற்கும்போது ஒரு பழைய வழி இருக்கிறது: படிகாரம். கரையும் மட்டும் படிகாரத்தைப் போட்ட வெந்நீரில் பாகத்தை மூழ்க வைத்து, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்திருந்தால் எஃகு மெல்லக் கரையும், அலுமினியம் அப்படியே நிற்கும். பல மணி நேரம், சில சமயம் நாட்கணக்கில் ஆகும். இரும்புப் பாத்திரம் ஆகாது. காப்பாற்ற வேண்டிய எஃகுப் பாகம் எதுவும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

மரை போன துளைக்குக் கம்பிச் சுருள் இன்சர்ட் போட்டால் முன்னிருந்ததைவிடப் பலமாகவே இருக்கும். எம்6-க்கு 6.3 மி.மீ. டிரில், அதற்கென்றே வரும் பிரத்யேக டேப் (சாதாரண எம்7 டேப் அல்ல), பிறகு சுருளைப் பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே வரை இறக்கி அடிவாலை உடைத்து எடுத்துவிட வேண்டும். துளை செங்குத்தாக இருப்பதுதான் முக்கியம். கை டிரில்லால் போட்டால் கவர் உட்காராது. பாகத்தை டிரில் பிரஸ்ஸின் மேசையில் கட்டி, டிரில்லை எடுத்துவிட்டு அதே சக்கிலேயே (டிரில்லைக் கவ்வும் பிடி) டேப்பை மாட்டிக் கையால் சுற்றினால் கோணம் தானாக வந்துவிடும்.

லேத்

புதிய இலகுவான லேத்தா, பழைய கனமான லேத்தா என்று கேட்டால், பழையதுதான். 1946-ல் வந்த மைஃபோர்ட் எம்எல்7 போன்ற மூன்றரை அங்குல மைய உயரமுள்ள சிறு லேத்தே பைக்கின் புஷ் (தண்டு அசையும் உலோக உள்ளுறை), ஸ்பேசர், புல்லர் (இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் கருவி) எல்லாவற்றுக்கும் போதும். வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். டூலைத் தாங்கி நகரும் சேடிலைச் சக் பக்கம் கொண்டுபோய், அதன் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் பட்டையை இறுக்கி, பிறகு எதிர்முனையிலுள்ள டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். போகப் போக இறுகிப் பிடித்தால் சக் பக்கத்துப் படுகை (சேடில் ஓடும் தடம்) அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. குறைந்த வேகம், மரை வெட்டும் வசதி, நான்கு தாடைச் சக் இந்த மூன்றும் இல்லாத லேத்தை வாங்கிவிட்டுப் பிறகு தேடி அலைய வேண்டாம்.

லேத்தில் முதலில் செய்ய வேண்டியவை வண்டிப் பாகங்கள் அல்ல, கருவிகள். ஃபிளைவீல் புல்லர், பேரிங்கை உள்ளே இறக்கும் படியுள்ள தண்டுகள், புஷ் இழுக்கும் போல்ட், கிளட்ச் பிடிக்கும் சாதனம். ஃபிளைவீலைச் சுத்தியலால் அடித்துக் கழற்றி கிராங்க்கை வளைத்தால் ஆகும் வேலையைப் பார்த்தால், ஒரு மாலைப்பொழுது செலவழித்துப் புல்லர் கடைவது லாபம். சில ஃபிளைவீலில் மரை இடதுசுற்று, வெட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

டூலின் நுனி மைய உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி: டூல் நுனிக்கும் உருளைத் தண்டுக்கும் நடுவே மெல்லிய இரும்பு அளவுகோலை லேசாக அழுத்திப் பிடியுங்கள். செங்குத்தாக நின்றால் சரி. மேல்முனை உங்களை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது, எதிர்ப்பக்கம் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. துண்டாக வெட்டும்போது டூல் உள்ளே மாட்டிக்கொண்டு உடைகிறது என்று புலம்புகிறவர்களின் லேத்தில் பெரும்பாலும் இதுதான் கோளாறு. மீதிக்குக் காரணம் டூல் அதிகம் நீட்டிக்கொண்டிருப்பதும், பயந்து பயந்து ஊட்டுவதும். வெட்டாமல் உரசிக்கொண்டு நின்றால் அதிரத்தான் செய்யும்.

வேகத்துக்குக் கணக்கு: 318-ஐ வெட்டு வேகத்தால் (நிமிடத்துக்கு மீட்டரில்) பெருக்கி விட்டத்தால் (மி.மீ.) வகுக்க வேண்டும். ஹைஸ்பீடு ஸ்டீல் டூலால் மைல்ட் ஸ்டீலைக் கடைய 25, வார்ப்பிரும்புக்கு 18, வெண்கலத்துக்கு 30 என்று வைத்துக்கொள்ளலாம். 25 மி.மீ. வெண்கலத் தண்டுக்கு நிமிடத்துக்கு 380 சுற்று. துண்டாக வெட்டும்போது அதில் பாதிக்கும் கீழே.

ஒரு ஸ்மால் எண்ட் புஷ்

வீட்டு லேத்தின் அருமை தெரிவது இந்த வேலையில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்மால் எண்ட் என்பது ராடின் பிஸ்டன் பக்கத்து முனை. அங்கே ராடின் கண் (புஷ் உட்காரும் துளை) 22.00 மி.மீ., கட்ஜன் பின் (பிஸ்டனை ராடோடு இணைக்கும் தண்டு) 18.00 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். பழைய புஷ்ஷை அளந்து அதேபோல் கடையக் கூடாது. அது தேய்ந்தது, கண்ணில் தளர்ந்தும் இருந்திருக்கலாம். பழையதை வெளியே தள்ளிவிட்டு, ராடின் கண்ணை இரண்டு திசையில் அளக்க வேண்டும். முட்டை வடிவமாகியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்து, கிடைத்த புது அளவுக்குத்தான் புஷ்.

பொருள் பாஸ்பர் பிரான்ஸ், 25 மி.மீ. தண்டு. மூன்று தாடைச் சக்கில் 0.05 மி.மீ. ஓட்டம் (மையம் விலகிச் சுழல்வது) இருப்பது சகஜம். அது இந்த வேலையைக் கெடுக்காது, ஒரு நிபந்தனை: உள்விட்டமும் வெளிவிட்டமும் ஒரே பிடிப்பில் முடிய வேண்டும். இடையில் கழற்றித் திருப்பிப் போட்டால் இரண்டும் ஒரே மையத்தில் இருக்காது.

முதலில் துளை. பாஸ்பர் பிரான்ஸ் சூடாகி டிரில்லைக் கவ்விப் பிடிக்கும் குணமுடையது, ஆகவே சிறிது சிறிதாக உள்ளே விட்டு வெளியே எடுத்துச் சீவலை நீக்கிக்கொண்டே போக வேண்டும். 16.5 வரை டிரில், அதன் பிறகு போரிங் டூலால் 17.85. டிரில் போட்ட துளை நேராக இருக்காது, போரிங் டூல்தான் அதை நேராக்கும். அடுத்து வெளிவிட்டம் 22.04. அதாவது கண்ணைவிட 0.04 பெரிது. உள்ளே நுழையும் முனையில் 2 மி.மீ. நீளத்தை மட்டும் 21.98-க்கு இறக்கினால் புஷ் கோணலாகப் போகாமல் நேராக உட்காரும்.

அளக்கும் முன் ஆறவிடுங்கள். 22 மி.மீ. வெண்கலம் அறைச் சூட்டைவிட 40 டிகிரி கூடுதலாக இருந்தால் மைக்ரோமீட்டரில் 0.016 மி.மீ. பெரிதாகக் காட்டும். நமக்குத் தேவையான இறுக்கமே 0.04 என்றால், அதில் கிட்டத்தட்டப் பாதி வெறும் சூடு. ஆறிய பிறகு பார்த்தால் புஷ் லூஸ். கடைசி 0.1 மி.மீ. வந்ததும் லேத்தை நிறுத்திவிட்டு வேறு வேலை பாருங்கள்.

உள்ளே இறக்கச் சுத்தியல் வேண்டாம். நீளமான எம்10 போல்ட், ஒரு பக்கம் புஷ்ஷைவிடப் பெரிய வாஷர், மறுபக்கம் கண்ணைவிடப் பெரிய துளையுள்ள ஒரு குழாய்த் துண்டு, நட்டை இறுக்கினால் புஷ் தானாக ஏறும். ராடு இன்னும் இன்ஜினிலேயே இருந்தால் கிராங்க்கேஸ் வாயில் துணியை அடைத்துவிடுங்கள். வெண்கலச் சீவல் உள்ளே விழுந்தால் பிக் எண்ட் பேரிங்தான் அதைச் சாப்பிடும்.

சுவர் மெல்லியது என்பதால் 0.04 இறுக்கத்தில் முக்கால் பங்குக்கு மேல் உள்விட்டம் சுருங்கும். 17.85 இப்போது 17.82 ஆகியிருக்கும். இதைக் கணக்கில் எடுக்காமல், பின்னுக்குச் சரியாக 18.01-ல் முதலிலேயே கடைந்து முடித்தவர்கள்தான் பின் ஏறவில்லையே என்று எமரி துணியால் தேய்க்க ஆரம்பிப்பார்கள். எண்ணெய்த் துளையை ராடிலிருக்கும் துளை வழியாகவே போட்டு, பிசிறை நீக்கிவிட்டு, கடைசியாகத்தான் ரீமர் (துளையைத் துல்லியமான அளவுக்குச் சீவி முடிக்கும் கருவி). 18 எச்7 ரீமர் 18.000-லிருந்து 18.018-க்குள் நிறுத்தும். இது நமக்குத் தேவையான அளவே. வெண்கலத்துக்கென்று தனி ரீமர் வைத்திருங்கள். எஃகில் ஓடி முனை மழுங்கியது வெட்டாமல் நெருக்கும், எடுத்த பிறகு துளை சின்னதாக நிற்கும். ரீமரை ஒருபோதும் பின்னோக்கிச் சுற்றக் கூடாது. எண்ணெய் தடவிய பின் கட்டைவிரல் அழுத்தத்தில் நழுவிப் போக வேண்டும், குறுக்கே ஆட்டினால் எதுவும் தெரியக் கூடாது.

இதே முறைதான் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷுக்கும். சக்கர ஸ்பேசர் இதைவிட எளிது, ஆனால் அதன் இரண்டு முகமும் இணையாக இல்லாவிட்டால் ஆக்ஸிலை இறுக்கும்போது பேரிங் கோணலாகி ஆயுள் போய்விடும். எதைச் செய்யக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆக்ஸில், ஸ்டியரிங் ஸ்டெம், பிரேக் ஆங்கர் கம்பி ஆகியவற்றை என்ன எஃகு என்றே தெரியாத தண்டில் கடையாதீர்கள். லேத்தில் எல்லா எஃகும் பளபளப்பாகத்தான் வரும்.

இன்ஜின்

பேரிங்கை அடித்து ஏற்றுவது தேவையற்ற வேலை. 6205 பேரிங்கின் வெளிவிட்டம் 52 மி.மீ. அலுமினிய கேஸை 20-லிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அந்தத் துளை 0.09 மி.மீ.க்கு மேல் விரியும். வழக்கமான இறுக்கத்தைவிட அது அதிகம். ஃப்ரீசரில் கிடந்த பேரிங்கை நேராக வைத்தால் தானே இறங்கி உட்கார்ந்துவிடும். கோணலாக மாட்டினால் அடிக்காதீர்கள், எடுத்துவிட்டு மறுபடி சூடாக்குங்கள். குருட்டுத் துளையிலுள்ள பழைய பேரிங்கும் இப்படித்தான் வரும்: சூடான கேஸைக் கவிழ்த்து மரக்கட்டையில் ஒரு தட்டு. அடுப்பில் வைக்கும் முன் பெட்ரோல், கரைப்பான் வாடை துளியும் இல்லாமல் கழுவிக் காயவிட வேண்டும். கிராங்க் பேரிங்குக்குத் தயாரிப்பாளர் சி3 (உள் இடைவெளி கூடுதலான ரகம்) கேட்டிருந்தால் அதையேதான் போட வேண்டும். இறுக்கத்தில் உள் இடைவெளி குறையும் என்று தெரிந்தே அவர்கள் அதைக் கேட்கிறார்கள்.

சிலிண்டரை வீட்டில் போர் செய்ய (உட்புறத்தைப் பெரிதாகக் கடைய) வேண்டாம், ஆனால் அளப்பதை மட்டும் வெளியே விடாதீர்கள். போர் கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி: ஒரு பிஸ்டன் ரிங்கைச் சிலிண்டரின் அடியில், தேயாத இடத்தில், பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி வைத்து, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்துகொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே வைத்து அளந்துகொள்ளுங்கள். வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் தேய்மானம். 0.31 வித்தியாசம் என்றால் 0.1 மி.மீ. தேய்ந்திருக்கிறது, ரீபோர் பற்றி யோசிக்க வேண்டிய அளவு அது. சிலிண்டர் முட்டை வடிவமாகியிருந்தால் இந்த வழி காட்டாது, அதற்குப் போர் கேஜ்தான்.

பிஸ்டனை முதலில் வாங்கி, அதைச் சிலிண்டரோடு சேர்த்துக் கொடுங்கள். "20 ஓவர்சைஸ் போடு" (0.020 அங்குலம் பெரிதாக்கு) என்று எண்ணை மட்டும் சொல்லி அனுப்பினால் கடைக்காரர் எண்ணுக்குப் போர் செய்வார், கையிலுள்ள பிஸ்டனுக்கு அல்ல. எவ்வளவு இடைவெளி என்பது பிஸ்டன் தயாரிப்பாளர் சொல்லும் எண், பக்கத்து வண்டிக்குச் சரியாக இருந்த எண் அல்ல. திரும்பி வந்ததும் ரிங் இடைவெளி பாருங்கள்: காற்றில் குளிரும் இன்ஜினுக்கு விட்டத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.004 என்பது பழகிய கணக்கு, 70 மி.மீ. போருக்கு 0.28. டூ ஸ்ட்ரோக் என்றால் போர்ட் (சிலிண்டர் சுவரிலுள்ள திறப்பு) விளிம்புகளை மழுக்கியிருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாக விட்ட விளிம்பில் ரிங் மாட்டி உடையும்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னும் ஒன்று. ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியின் கிராங்க் சீல் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உதடு கல்லாகியிருக்கும். அது வழியே காற்று புகுந்தால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பழியை எல்லோரும் கார்புரேட்டர் மேல் போடுவார்கள். இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் தகட்டால் அடைத்து, 0.4 பார் அளவு காற்றை ஏற்றிப் பாருங்கள். நிமிடத்துக்கு 0.07 பாருக்கு மேல் இறங்கினால் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடுங்கள்.

டாங்க், பெயின்ட், முலாம்

டாங்க்கின் உள்துருவுக்கு மின்னாற்பகுப்பு நல்ல வழி. நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர், நெகட்டிவ் டாங்க்கில், பாசிட்டிவ் டாங்க்கைத் தொடாமல் உள்ளே தொங்கும் சாதாரண இரும்புக் கம்பியில். ஸ்டெயின்லெஸ் கம்பி கூடாது, நச்சுத்தன்மையுள்ள குரோமியம் கரைசலில் கலக்கும். வெளிவருவது ஹைட்ரஜன், திறந்தவெளியில் வையுங்கள். முடிந்து கழுவியதும் உடனே சூடான காற்றால் உலர்த்தி எண்ணெய் பூச வேண்டும், இல்லையென்றால் அரை மணி நேரத்தில் புதுத் துரு. பெட்ரோல் இருந்த டாங்க்கில் பற்றவைப்பு வேலையை வீட்டில் செய்யாதீர்கள். காலியாகக் கிடக்கும் டாங்க்தான் நிறைந்திருப்பதைவிட ஆபத்து.

ஃபிரேமைப் பவுடர் கோட்டுக்கு அனுப்பும் முன் பேரிங் கோப்பை, மரைத் துளை, எர்த் கம்பி தொடும் இடம் எல்லாவற்றையும் அடைத்துக் கொடுங்கள். அடைக்காவிட்டால் பூச்சைச் சுரண்டி எடுப்பதற்கு ஒரு வாரம் போகும். ஃபிரேம் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் மணல் அடிப்பவர் கை தொடாமல் மறைத்துவிடுங்கள், அந்த எண் அழிந்தால் வண்டியின் அடையாளமே போனது. அதிபல போல்ட்களையும் ஸ்பிரிங்குகளையும் துத்தநாக முலாமுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பாதீர்கள். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோகும். முலாம் முடிந்த நாலு மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் சூடாக்கி அதை வெளியேற்ற வேண்டும். முலாம் போடுகிறவரிடம் இதைச் செய்வாரா என்று கேளுங்கள், கேள்வியே புரியவில்லை என்றால் அந்த போல்ட்டைக் கருப்பாகவே விட்டுவிடலாம்.

பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். டிரம்மைக் காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் காயாத பாகத்தில் வெல்டிங் செய்தால் ஃபாஸ்ஜீன் நச்சுவாயு உண்டாகும், ஒரு சொட்டு மிச்சமிருந்தாலும் ஆபத்து.

சக்கரம் பூட்டும்போது, கழற்றும் முன் எழுதிய ரிம் விலகல் எண் இங்கே தேவைப்படும். பக்கவாட்டு ஓட்டமும் மேல்-கீழ் ஓட்டமும் 1 மி.மீ.க்குள் வந்தால் தாராளம். நிப்பிளைத் (ரிம்மில் ஸ்போக்கை இறுக்கும் நட்) தாண்டி நீளும் ஸ்போக் முனையை அரைத்துச் சமமாக்காவிட்டால் முதல் பஞ்சர் அங்கேதான்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும் முன் பிளக்கைக் கழற்றிவிட்டு கிக்கை அடித்து, ராக்கர் பெட்டிக்கோ திரும்பும் குழாய்க்கோ எண்ணெய் வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பாயின்ட் (தீப்பொறிக்காக மின்சுற்றைத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி மேக்னெட்டோவுக்கு (பேட்டரி இல்லாமலே தீப்பொறி தரும் கருவி) 0.30 மி.மீ., காயில் வண்டிகளில் பெரும்பாலும் 0.35-லிருந்து 0.40. குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடி, சூடானதும் நின்று, ஆறும்வரை ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் மேக்னெட்டோவின் கண்டென்சரைச் சந்தேகியுங்கள். இரண்டு மூன்று முறை சூடாகி ஆறியதும், இன்ஜின் முழுவதும் குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். புது கேஸ்கட் அமுங்கியிருக்கும், நட்டுகள் கொஞ்சம் சுற்றும். அதன் பிறகுதான் டாப்பெட், அதாவது வால்வு இடைவெளி. முதலில் டாப்பெட்டை வைத்துவிட்டு ஹெட்டை இறுக்கினால் வைத்த இடைவெளி மாறிப்போகும். ஸ்போக்குகளை முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேளுங்கள், மந்தமாக ஒலிப்பதை மட்டும் கால் சுற்று இறுக்கினால் போதும்.